மரப்பலகை ஃபிங்கர்போர்ட் வாங்கலாமா, டெக் டெக்கே போதுமா?

டர்பனலை:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், முப்பது வயதைத் தாண்டியாகிவிட்டது, சிரிக்க வேண்டாம். அக்கா மகன் விட்டுப்போன டெக் டெக் ஃபிங்கர்போர்டை (விரலால் ஓட்டும் குட்டி பிளாஸ்டிக் ஸ்கேட்போர்ட்) லோட் ஷெடிங் மின்வெட்டு நேரத்தில் சும்மா உருட்ட ஆரம்பித்தேன், இப்போது கரண்ட் இருந்தாலும் டிவி பக்கம் போவதில்லை. ஆலி, அதாவது போர்டை விரலோடு துள்ள வைப்பது, மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது. டெயிலை, அதாவது பின்முனையைத் தட்டினால் போர்ட் எழும்புகிறது, ஆனால் விரலை விட்டு விலகித் தனியாகப் பறந்து சோஃபாவுக்கு அடியில் போய் விழுகிறது. வீடியோவில் பார்க்கிறவர்கள் எல்லாம் மரப்பலகை, பேரிங் வீல் என்று வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு செட் வரவழைத்தால் கூரியர், 15 சதவீத வாட் வரி எல்லாம் சேர்ந்து என் மாத டாக்சிச் செலவை விழுங்கிவிடும். வாங்கினால் ஆலி வருமா, இல்லை கைப்பழக்கம்தானா? அப்புறம், அம்மாவின் ரொட்டிப் பலகையைத்தான் இதுவரை ராம்ப்பாகச் சாய்த்து வைத்திருந்தேன், நேற்று பார்த்துவிட்டார். அதற்கும் மாற்று சொல்லுங்கள்.

ஐந்தடுக்கு:
முதலில் பலகைமேல் ஒட்டியிருக்கும் கிரிப்பை மாற்றுங்கள் தம்பி. டெக் டெக்கோடு வருவது உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு ஸ்டிக்கர். விரல் அதில் பிடிக்காது, நகம்தான் தேயும். அதை உரித்துவிட்டு மெல்லிய ஃபோம் டேப்பை ஒட்டி ஓரத்தை பிளேடால் வெட்டிவிட்டால் விரல்நுனி கொஞ்சம் அமுங்கி நிற்கும், செலவும் பெரிதில்லை.

அதற்கு அடுத்ததுதான் பலகை. டெக் டெக்கின் நீளம் 96 மில்லிமீட்டர், அகலம் 30-ஐத் தொடாது. மரத்தில் 32, 33, 34 என்று கிடைக்கும், அந்தச் சில மில்லிமீட்டரில்தான் இறங்கும்போது விரலுக்கு இடம் கிடைக்கிறது. ஐந்து மேப்பிள் வெனீர்த் தாள்களை, சிலவற்றின் இழை குறுக்கே ஓடும்படி அடுக்கி, மரப்பசை தடவி அச்சில் அழுத்திச் செய்வது. பிளாஸ்டிக்கில் வராத ஒரு 'டொக்' சத்தம் அதில் வரும், அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அகலப் பலகைக்கு அகல ட்ரக்கும் (சக்கரம் மாட்டும் அச்சு) வேண்டும், பழைய ட்ரக்கை மாட்டினால் தள்ளாடும்.

பேரிங் வீலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நன்றாக உருளும், ஆலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊர்க் கடல்காற்றில் துருவும் பிடிக்கும், மூடி உள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.

பீனிக்ஸ்_அக்கா:
ஐந்தடுக்கு அண்ணாவுக்கு எப்போதும் சாமான் மேலேயே கண். கிரிப் சரி, மற்ற எதையும் இப்போது வாங்காதே தம்பி. என் பெண் அதே பிளாஸ்டிக் போர்டில் கிக்ஃப்ளிப் (போர்டைக் காற்றில் சுழற்றுவது) போடுகிறாள்.

நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் டெயிலை ஓங்கி அடிக்கிறாய், கை கீழேயே நிற்கிறது. நடுவிரல் டெயிலின் நுனியில் இருக்கட்டும், ஆள்காட்டி விரல் முன் ஸ்க்ரூக்களுக்குச் சற்றுப் பின்னால். தட்டுகிற அதே நொடியில் மணிக்கட்டு மேலே போக வேண்டும், போர்ட் எழும்பட்டும் என்று காத்திருந்தால் அது உன்னைவிட்டுப் போய்விடும். நோஸ், அதாவது முன்முனை தூக்கியதும் ஆள்காட்டி விரலை முன்பக்கமாகச் சறுக்கித் தள்ளு, அந்தத் தள்ளலில்தான் பின்பக்கம் உயர்ந்து பலகை சமமாகும். முதலில் மேசைமேல் விரித்த துணியில் ஓடாமல் நின்றே பழகு, சோஃபாவுக்கு அடியில் தேடும் வேலை மிச்சம். ட்ரக் நட்டு ரொம்ப லூசா என்றும் பார், லூசாக இருந்தால் தட்டும்போதே பக்கவாட்டில் சாயும்.

கல்மேசை:
முப்பது வயதுக்கு வெட்கப்படுகிறவருக்கு ஒரு தகவல். 1985-ல் வந்த ஒரு ஸ்கேட்போர்ட் வீடியோவில் லான்ஸ் மவுண்டன், அப்போதே பெரிய ஸ்கேட்டர், தானே செய்த ஃபிங்கர்போர்டைச் சமையலறை சிங்க்குக்குள் ஓட்டிக் காட்டினார். டெக் டெக் கடைக்கு வந்ததே 1998-ல்தான். ஜெர்மனியில் பிளாக்ரிவர் என்று இதற்கென்றே ராம்ப் செய்து விற்கும் நிறுவனம் இருக்கிறது, அதையெல்லாம் வாங்குகிறவர்கள் குழந்தைகள் மட்டும் இல்லை.

ரொட்டிப் பலகையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கிச்சன் கவுண்டர் போடும் கல் பட்டறையில் சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டும் ஓரத் துண்டுகளும் மூலையில் கிடக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். ரஸ்டன்பர்க் கிரானைட் கிடைத்தால் விடாதீர்கள், கனமாக இருப்பதால் மேசையில் நகராது, கல்லின் விளிம்பில் கிரைண்ட் பண்ண, அதாவது ட்ரக்கை உரசியபடி சறுக்க, அருமை.

டர்பனலை:
நன்றி அக்கா, அண்ணன்மார்களே. துணிமேல் நின்று பழகியதில் போர்ட் இப்போது விரலோடு எழும்புகிறது, கோணலாகத்தான் இறங்குகிறது. ஃபோம் டேப் தேடப்போகிறேன். கல் துண்டில் எந்த விளிம்பைப் பார்த்து எடுப்பது?

கல்மேசை:
பாலிஷ் போட்ட விளிம்பு. வெட்டிய விளிம்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் கூர்முனையை ஒருமுறை தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ட்ரக்கைக் கீறிவிடும். மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் இன்னும் வழுக்கும், மேல்பரப்பில் மட்டும் படவேண்டாம்.