தனியுரிமை உலாவியில் வேலை: மலையகத்துப் பிள்ளைக்கு இது சரிவருமா?

தலவாக்கலை_பிள்ளை:
வணக்கம். கொழும்பில் வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பனியில் இருக்கிறேன், சி++ ஓரளவு நன்றாக வரும். இப்போது வெளிநாட்டுச் சின்னக் குழு ஒன்று என்னைக் கேட்டிருக்கிறது. கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்ற திறந்த மென்பொருளை வைத்து, ஆட்களைப் பின்தொடரும் டிராக்கர்களைத் தடுக்கும் உலாவி ஒன்றைச் செய்கிறார்கள். வீட்டில் இருந்தே வேலை, டொலரில் சம்பளம், ஆனால் ஒப்பந்த அடிப்படை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார், அவரோடு ஊரில் இருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயம். எடுக்கலாமா? தெரிந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஊவாக்காரன்:
தங்கச்சி, நேராகவே சொல்கிறேன், வேண்டாம். ஒப்பந்த வேலை என்றால் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை, ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இல்லை. இப்போதைய கம்பனி உங்கள் சம்பளத்துக்கு மேல் ஈபிஎப்புக்கு 12 வீதம், ஈடிஎப்புக்கு 3 வீதம் போடுகிறது, அதை விட்டுவிட்டுப் போக அந்தக் குழு என்ன உறுதி தருகிறது? இந்தத் துறையில் ஃபயர்பொக்ஸ் உலாவியைச் செய்யும் மொஸில்லாவை விடப் பெயர்பெற்ற இடம் இல்லை, அங்கேயே 2020 ஆகஸ்ட்டில் ஏறக்குறைய 250 பேரை நிறுத்தினார்கள். ரஸ்ட் என்ற நிரல் மொழியில், பக்கங்களைத் திரையில் காட்டும் புது எஞ்சின் எழுதிக்கொண்டிருந்த சேர்வோ குழுவும் அதோடு போனது. அவர்களுடைய வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளையே தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம். யாரிடமிருந்து ஆட்களைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறார்களோ அவர்களுடைய காசில்தான் வண்டி ஓடுகிறது. கொள்கை என்று நம்பிப் போய் நடுவழியில் நிற்க வேண்டாம்.

நானுஓயா_நிரலர்:
ஈபிஎப் பற்றி அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, அதற்கு ஈடாகச் சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள். ஆனால் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் இதே மாதிரி ஓர் உலாவியில்தான் வேலை செய்கிறேன்.

குரோமியம் 2021 செப்டம்பரில் இருந்து நான்கு வாரத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது. உங்கள் குழு அதன்மேல் செய்த மாற்றங்களை ஒவ்வொரு முறையும் புதுப் பதிப்பில் மறுபடி பொருத்த வேண்டும், அந்தப் பக்கம் யாரோ ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினாலே இந்தப் பக்கம் நம் மாற்றம் (பேட்ச்) பொருந்தாமல் விழுந்துவிடும். பாதுகாப்புத் திருத்தம் என்றால் நான்கு வாரமும் கிடையாது. 2024 அக்டோபரில் ஃபயர்பொக்ஸில் ஓர் ஓட்டையைத் தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, மொஸில்லா சுமார் ஒரு நாளில் திருத்தம் விட்டது, அதே எஞ்சினில் ஓடும், ஆளை அடையாளம் காட்டாமல் உலாவ உதவும் டோர் பிரவுசரும் பின்னாலேயே விடவேண்டி வந்தது. நம்மைப் போன்ற சின்னக் குழுவும் அந்த வேகத்தில் ஓடாவிட்டால், தனியுரிமை என்று நம்பி வந்தவரை ஓட்டையோடு விட்டுவைத்ததாகிவிடும்.

அப்புறம், தளங்கள் உடைவது. ஒரு டிராக்கரைத் தடுத்தால் எங்கோ ஒரு தளத்தில் லொகின் பட்டன் செத்துவிடும். மற்றக் கம்பனிகள் பயனர் எங்கே தட்டினார், எங்கே நின்றார் என்று தரவு திரட்டிப் பிழையைக் கண்டுபிடிக்கும். நாங்கள் அப்படித் திரட்ட மாட்டோம் என்று சொல்லித்தான் உலாவியையே கையில் கொடுத்திருக்கிறோம். ஆகவே "திறக்குது இல்லை" என்று யாரோ எழுதிய ஒற்றை வரி முறைப்பாட்டில் தொடங்கி, அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு ஸ்கிரிப்டாக நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பிழைக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். யாரையும் உளவு பார்க்காமல் நல்ல மென்பொருள் செய்ய முடியும் என்பதை ஒவ்வொரு பிழையிலும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஹட்டன்_போன்கடை:
தம்பி, வேலை கஷ்டமானதுதான், ஒத்துக்கொள்கிறேன். அது யாருக்குப் போய்ச் சேருகிறது? தோட்டத்தில் இருந்து வரும் போன்களைத் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிறவன் நான். குரோம் இருக்கும், ஆனால் பெரும்பாலானவர்கள் அதைத் திறப்பதே இல்லை. பேஸ்புக்கில் வந்த லிங்க் அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கிறது, அதோடு சரி. ஸ்டோரேஜ் நிறைந்து கிடக்கும், பிள்ளையின் போட்டோவை எடுத்துவைக்கவே இடம் இல்லாத போனில் தனியாக ஓர் உலாவியை யார் போடப்போகிறார்கள்? போட்டாலும், சாதாரண தரப் பெறுபேறு பார்க்கும் நேரத்தில் பக்கம் திறக்காவிட்டால் அந்த நிமிடமே அழித்துவிடுவார்கள். இது ஐரோப்பாவில் இருப்பவருக்குச் செய்யும் வேலை. நம் பிள்ளைகள் நம் ஆட்களுக்குத் தேவையானதைச் செய்யட்டும்.

பொகவந்தலாவை_கனி:
நம் ஆட்களுக்குத் தேவையில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் லயத்தில் ஓர் அக்கா ஒன்லைன் கடன் ஆப் ஒன்றில் சின்னத் தொகை எடுத்தார். தவணை பிந்தியதும் அவர் போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் இவர் கடன்காரி என்று மெசேஜ் போனது. மகளின் டீச்சருக்கும் போனது. அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. தனியுரிமை பணக்காரர் சமாச்சாரம் என்று அந்த அக்காவிடம் வந்து சொல்லுங்கள்.

ஊவாக்காரன்:
கனி, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அது ஆப், உலாவி இல்லை. கொன்டக்ட்ஸைப் பார்க்க அனுமதி கொடுத்ததால் வந்த வினை, உலகத்தின் எந்த உலாவியும் அதைத் தடுத்திருக்காது. அதற்குச் சட்டம்தான் வழி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்போம். அந்தக் கோபத்தை வைத்து இந்தத் தங்கச்சியின் பிழைப்பை முடிவு செய்யாதீர்கள்.

கம்பளை_வாசி:
சட்டம், சரி. 2018 மார்ச்சில் திகனப் பக்கம் கலவரம் நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் தடுத்தது யார்? அரசாங்கம்தான். 2022 ஏப்ரலிலும் அப்படியே. அன்றைக்கு ஆளாளுக்குக் தடையைத் தாண்டிப் போகக் கையில் கிடைத்த இலவச விபிஎன்னைப் போட்டார்கள், அதை யார் நடத்துகிறார், நம் தரவு எங்கே போகிறது என்று கேட்க ஆள் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் இதை உள்ளே போய்ப் பார்த்த ஒருவர் நம் ஊரில் இருந்தால் எவ்வளவு பெறுமதி. நான் எடுக்கச் சொல்வேன்.

நானுஓயா_நிரலர்:
ஹட்டன் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும், அவருடைய கேள்விதான் இங்கே பலமானது. ஆப்புக்குள் திறக்கும் பக்கத்தை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, உண்மை. ஆனால் எங்கள் உலாவியைப் போட்டால்தான் பலன் என்று நினைப்பது தவறு. செட்டிங்ஸுக்குள் போய் மாற்றச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள், தோட்டத்திலும் இல்லை, கொழும்பிலும் இல்லை. ஆகவே பாதுகாப்பு என்பது போனை வாங்கும்போதே இயல்பாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதை நோக்கித்தான் இந்தத் துறை நகர்ந்திருக்கிறது. டோர் பிரவுசர் என்ற சின்னத் திட்டம் ஃபயர்பொக்ஸின்மேல் தனியாகச் செய்துவைத்திருந்த மாற்றங்களை 2016இல் இருந்து ஃபயர்பொக்ஸுக்குள்ளேயே கொண்டுவரத் தொடங்கினார்கள். 2019 செப்டம்பரில் ஃபயர்பொக்ஸ் டிராக்கர் குக்கிகளை (ஆளை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சின்னத் தரவுகளை) எல்லாருக்கும் இயல்பாகவே தடுத்தது. 2022 ஜூனில், ஒரு தளத்தில் வைத்த குக்கியை வேறு தளத்தில் படிக்க முடியாதபடி அடைக்கும் ஏற்பாடும் இயல்பானது. சின்னக் கூட்டம் முதலில் செய்துகாட்டாவிட்டால் பெரியவர்கள் அசைவதே இல்லை. குரோம் 2020 ஜனவரியில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு ஆட்கள் வைக்கும் குக்கிகளை, நிறுத்தப்போவதாகச் சொன்னது, தள்ளித் தள்ளிப் போட்டுக் கடைசியில் கைவிட்டது. உங்கள் கடைக்கு வரும் போன்களில் இருப்பது அந்தக் குரோம்தான். அழுத்தம் கொடுக்க மாற்று உலாவிகள் உயிரோடு இருக்க வேண்டும்.

இன்னொன்று, நம்மைப் பற்றியது. குக்கியை அழித்தாலும் உலாவியே ஆளைக் காட்டிக்கொடுக்கும்: திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர வலயம் எல்லாம் சேர்ந்தால் கைரேகை மாதிரி. 2010இல் ஈஎஃப்எஃப் என்ற அமெரிக்க அமைப்பு ஏறக்குறைய 470,000 உலாவிகளைச் சோதித்துப் பார்த்தது, 83.6 வீதம் தனித்து அடையாளம் காணக்கூடியதாக இருந்தன. இப்போது யோசியுங்கள். உலாவியில் முதல் மொழி தமிழ், நேர வலயம் கொழும்பு, ஒரு பழைய போனின் திரை. இப்படி ஒரு தளத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆங்கிலத்தில் வைத்திருப்பவர் கூட்டத்தில் மறைந்துவிடுவார், நாம் மறைய மாட்டோம். டோர் பிரவுசர் இதற்காகவே ஆங்கிலப் பக்கத்தைக் கேட்கட்டுமா என்று விசாரிக்கிறது, ஜன்னலின் அளவைக்கூட 200க்கு 100 என்ற மடங்குகளில் வைத்து எல்லாரையும் ஒரே மாதிரிக் காட்டுகிறது.

ஹட்டன்_போன்கடை:
பார்த்தீர்களா, தமிழை ஒளித்துவைத்தால்தான் பாதுகாப்பாம். எங்கள் அம்மாமாருக்கு ஆங்கிலப் பக்கத்தைக் கொடுத்து என்ன செய்ய? இதைத்தான் நான் சொன்னேன், நம்மை நினைத்துச் செய்த வேலை இல்லை இது.

நானுஓயா_நிரலர்:
ஆமாம் அண்ணே, அதனால்தான் தங்கச்சி போக வேண்டும் என்கிறேன். மொழியைக் கைவிடாமல் ஆளை மறைப்பது எப்படி என்பது இன்னும் தீராத பிரச்சினை. எழுத்துருப் பட்டியலைச் சுருக்கினால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருமா, அங்கே ஒரு சின்னத் தவறு நடந்தால் யாருக்கு வலிக்கும், இதெல்லாம் தமிழில் படித்து வளர்ந்தவர் கண்ணில்தான் முதலில் படும். குழுவில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அந்த முறைப்பாடு பட்டியலின் அடியில் கிடக்கும்.

ஊவாக்காரன்:
நல்ல எண்ணம் வேறு, நிறுவனம் வேறு. 2020 ஜூனில் பிரேவ் உலாவியில் ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியைத் தட்டினால் தங்களுக்குக் கமிஷன் வரும் குறியீட்டோடு நிரப்பியது தெரியவந்தது, இணை நிறுவனர் பிரென்டன் ஐக் மன்னிப்புக் கேட்டார். தனியுரிமை என்று பலகை மாட்டிய கடைதான் அதுவும்.

நானுஓயா_நிரலர்:
ஒரு பயனர் கவனித்து எழுதினார், கோட் திறந்து கிடந்ததால் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்க முடிந்தது, திருத்தினார்கள். மூடிய மென்பொருளில் இதே விஷயம் எத்தனை வருடம் ஓடியிருக்கும்? தங்கச்சி, அந்தக் குழுவின் கோட் முழுவதும் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறக்காவிட்டால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தலவாக்கலை_பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. கோட் திறந்துதான் இருக்கிறது, நேற்று இரவு கொஞ்சம் வாசித்தேன். பணம் எங்கிருந்து வருகிறது என்று ஊவா அண்ணன் கேட்டதை அப்படியே அவர்களிடம் கேட்கப்போகிறேன். ஒரு பயம், வீட்டு இணையம். குரோமியத்தின் கோட்டில் இருந்து உலாவியைக் கட்ட 100 ஜிபியாவது டிஸ்க் வேண்டும், ரேம் 16 ஜிபிக்கு மேல் இருந்தால் நல்லது என்று போட்டிருக்கிறது, மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்டும் போய்விடும், சிக்னலும் போய்விடும்.

நானுஓயா_நிரலர்:
உங்கள் வீட்டில் கட்டவே வேண்டாம். அவர்களுடைய சேர்வரில் கட்டிக்கொள்ள இடம் கேளுங்கள், நீங்கள் எழுதுவது மட்டும் இங்கிருந்து போனால் போதும். பழகிப்பார்க்க வேண்டும் என்றால் ஃபயர்பொக்ஸில் தொடங்குங்கள், அங்கே ஏற்கெனவே கட்டிய சி++ பகுதிகளை இறக்கிக்கொண்டு மேல்பகுதியை மட்டும் மாற்றும் வழி இருக்கிறது, சாதாரண லெப்டொப்பிலேயே ஓடும். புதியவர்களுக்கு என்று குறித்துவைத்த பிழைகளும் மொஸில்லாவின் பிழைப் பட்டியலான பக்ஸில்லாவில் கிடக்கின்றன, ஒன்றை எடுத்து முடித்துப் பாருங்கள்.

ஊவாக்காரன்:
என் கருத்து மாறவில்லை. போவதாக இருந்தால், நிறுத்துவதற்கு மூன்று மாத முன்னறிவித்தல் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். கையெழுத்து வைக்கும்வரை கொழும்பு வேலையை விடாதீர்கள்.