பாமினியில் இருக்கும் பள்ளிச் செய்திமடலை யூனிகோடுக்கு மாற்ற வழி தேவை

எங்கள் ஆரம்பப் பள்ளியின் மாதச் செய்திமடலைப் பெற்றோர் சிலர் சேர்ந்து தயாரிக்கிறோம். வேர்ட் 2010, பாமினி எழுத்துரு. வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பினால் பலருடைய கைபேசியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது.

எழுத்துருவை உள்ளே பொதித்துப் பிடிஎஃப் ஆக்கினோம். பார்க்கச் சரியாக இருக்கிறது. ஆனால் இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தையின் அம்மாவுக்குப் பார்வை இல்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கும் டாக்பேக் வசதியைக் கேட்டுத்தான் எதையும் தெரிந்துகொள்கிறார். பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் டாக்பேக் ஏதோ புரியாத ஆங்கிலத்தை உளறுகிறது. விடுமுறை மாற்றம், பெற்றோர் கூட்டம் எல்லாம் அவருக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரிகிறது. படமாக அனுப்புவதும் அவருக்கு உதவாது.

தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றினால் இது தீரும் என்று, இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் ஒட்டிப் பார்த்தோம். தமிழ் நன்றாகவே மாறுகிறது. ஆனால் இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்து தமிழாகிவிடுகின்றன, அட்டவணைகளும் கலைந்துவிடுகின்றன. எங்கள் மடலில் பாதி அட்டவணைதான்!

அடுத்த இதழை யூனிகோடிலேயே தட்டச்சு செய்யப் போகிறோம், அது பிரச்சினை இல்லை. ஆண்டு நாட்காட்டி, பள்ளி விதிமுறைகள், பழைய இதழ்கள்தான் சிக்கல். பள்ளிக் கணினியில் விண்டோஸ் 7. இந்த மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும்.

வேர்ட் கோப்புக்குள்ளேயே பாமினிப் பகுதியை மட்டும் யூனிகோடாக்கி, ஆங்கிலத்தையும் அட்டவணையையும் அப்படியே விட்டுவைக்கும் மென்பொருளோ, வேர்டுக்குள் இயங்கும் சிறு நிரலான மேக்ரோவோ யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?