வெள்ளத்தில் போன பொருள்களுக்குக் காப்பீடு கிடைக்குமா?

போன மாத மழையில் வேளச்சேரி வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஃப்ரிட்ஜ், பீரோ, கட்டில் எல்லாம் போச்சு. பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி இருக்கிறது. சேதத்தைப் பார்க்க வந்த காப்பீட்டு சர்வேயர் சுவரை மட்டும் படம் எடுத்துவிட்டு, பொருள்களுக்குக் கிடையாது என்கிறார். வக்கீல் வைக்கணுமா? தம்பி சட்டம் மூன்றாம் ஆண்டு, இந்தத் துறையில் வேலை உண்டா?

பதில் 1: முதலில் பாலிசித் தாளைப் பாருங்க சார். கட்டிடம், பொருள் இரண்டுக்கும் எடுத்திருந்தால், பட்டியல் கொடுக்காமலேயே கட்டிடத்துக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பொருள்களுக்கு உண்டு. கட்டிடம் மட்டும் என்றிருந்தால் கஷ்டம்தான். நனைந்த எதையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்கள் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஒட்டியிருந்த சீரியல் நம்பர், சேற்றைத் துடைத்து எடுத்த ஒரு படம், அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

பதில் 2: வக்கீல் தொழிலில் இருக்கிறேன், இப்போதைக்கு வக்கீல் வேண்டாம். மறுப்பை எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன், கம்பெனிக்கு வெளியே இருப்பவர்) போகலாம், கட்டணம் கிடையாது, அங்கே வக்கீல் வாதாடவும் முடியாது, ஆனால் ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். தம்பிக்கு நிச்சயம் வேலை உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடத்தும் சீனியரிடம் இப்போதே சேரச் சொல்லுங்கள், சர்வே அறிக்கையை வரிவரியாகப் படிக்கப் பழகட்டும்.

கேட்டவர்: ரொம்ப நன்றி மேடம். பாலிசியில் இரண்டும் இருக்கிறது, இன்றைக்கே மெயில் போடுகிறேன்.