ஓட்டு வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்மார்ட் கருவிகள்: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

அரசலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் பூர்வீக வீடு இரண்டு கட்டு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், சுண்ணாம்புக் காரை பூசிய ஒன்றரை அடிச் சுவர்கள், மேலே நாட்டு ஓடு. அம்மா அங்கே தனியாக இருப்பதால், விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் பெங்களூரிலிருந்தே நான் கவனித்துக்கொள்ளும்படி அமைத்துவிடலாம் என்று வீட்டைப் புதுப்பித்தபோது முடிவு செய்தோம். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "பளபளன்னு எதையும் கொண்டாந்து சுவத்துல ஒட்டாதே. கை போற இடத்துல சுவிட்ச் இருக்கணும்."

எலக்ட்ரீஷியன் வந்து கூடத்துச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். அந்த மரப்பெட்டிக்குள் இரண்டு சிவப்பு ஒயர்கள் மட்டுமே இருந்தன. ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவருவது, மற்றொன்று விளக்குக்குப் போவது. "நியூட்ரல் இங்க வரலைங்கம்மா, மேலேயே விளக்குக்குப் போயிடுது" என்றார். நியூட்ரல் என்பது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர். பழைய வயரிங் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சுவிட்சுக்குப் பின்னால் மறைத்துவைத்து, போனிலிருந்தே விளக்கை இயக்க உதவும் தீப்பெட்டி அளவு ரிலே மாட்யூலுக்கும் மின்சாரம் வேண்டும், அதற்கு நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யும் மாட்யூல்களும் கிடைக்கின்றன. ஆனால் அவை விளக்கின் வழியாகவே சிறிது மின்சாரத்தை இழுத்துக்கொள்வதால், குறைந்த வாட் எல்.இ.டி. பல்புகள் அணைத்த பிறகும் மங்கலாக எரிவதுண்டு.

புதிய ஒயர் இறக்கச் சுவரில் காடி வெட்ட நான் சம்மதிக்கவில்லை. சுண்ணாம்புச் சுவரில் வெட்டிய இடத்தைச் சிமெண்டால் அடைத்தால், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் சில மழைக்காலங்களிலேயே விளிம்பில் வெடிப்பு விடும். எலக்ட்ரீஷியன் சொன்ன வழி எளிமையாக இருந்தது: மாட்யூலைப் பரணில், ஒயர்கள் சந்திக்கும், நியூட்ரலும் இருக்கும் ஜங்ஷன் பெட்டியிலேயே வைத்துவிட்டு, சுவிட்சிலிருந்து திரும்பிவரும் சிவப்பு ஒயரை விளக்குக்குக் கொடுக்காமல் மாட்யூலின் சுவிட்ச் முனையில் கொடுப்பது. கீழே எதுவும் மாறவில்லை. அதே கறுப்புச் சுவிட்ச், அதே 'டக்' சத்தம். இணையம் போனாலும் சுவிட்ச் வேலை செய்கிறது. மாட்யூலே பழுதானால், சுவிட்சிலிருந்து அதற்கு வரும் ஒயரையும் விளக்குக்குப் போகும் ஒயரையும் சேர்த்துவிட்டால் பழைய வயரிங் திரும்பிவிடும். தெருமுனையில் கடை வைத்திருக்கும் எந்த எலக்ட்ரீஷியனும் அதைச் செய்துவிடுவார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பார்க்கிறவர் கண்ணுக்கு மறைவாக இருக்கலாம். பழுது பார்க்கிறவர் கைக்கு எட்டாமல் இருக்கக் கூடாது. ஆனால் பரணில் எலித் தொல்லையும் சித்திரை வெயிலில் ஓட்டின் அனலும் உண்டு. ஆகவே ஒயர்களைக் குழாய்க்குள் விட்டு, பெட்டிகளை ஓட்டை ஒட்டி வைக்காமல் சுவரோரமாகத் தாழ்வாக வைத்தோம்.

வைஃபைக்கும் அந்தச் சுவர்கள் வழிவிடவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரைத் தாண்டியதுமே தளர்ந்துவிடுகிறது, 2.4 பரவாயில்லை. கடைசியில் தாழ்வாரத்து உத்தரத்தின் மேல் ரூட்டரை வைத்ததில், திறந்த முற்றத்தின் வழியாகவே எதிர்ப்பக்கத்து அறைகளுக்கும் சிக்னல் போய்ச் சேர்ந்தது.

எல்லாவற்றிலும் பயனுள்ளது முற்றத்துப் படிதான். இரவில் எழுந்து கொல்லைப்புறம் போகும் வழியில் கால் இடறாமலிருக்க, கருங்கல் விளிம்புக்கு அடியில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை ஒட்டி, அசைவை உணரும் சென்சாருடன் இணைத்தோம். முதலில் ரேடார் வகை சென்சாரைத்தான் வைத்துப் பார்த்தோம். அது ஊஞ்சல் காற்றில் ஆடினாலும் ஆள் இருப்பதாக நினைத்து விளக்கை எரித்தது. உடல் வெப்பத்தை உணரும் பி.ஐ.ஆர். வகைக்கு மாற்றிய பின் ஊஞ்சல் தொல்லை இல்லை, பூனைத் தொல்லை மட்டும் இருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து:

எங்கள் ஊரில் உப்புக் காற்றே முதல் எதிரி. மூடியில்லாத பெட்டிக்குள் வைத்த டெர்மினல்கள் பச்சை பூத்துவிடுகின்றன. ரப்பர் வளையத்துடன் மூடும் பெட்டி இல்லாமல் வெளிப்புறத்தில் எதையும் பொருத்துவதில்லை. வாசற்கதவுக்கு மின்சாரத்தால் இயங்கும் பூட்டு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் 2018 நவம்பரில் வந்த கஜா புயல். அப்போது பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மேலும், பழைய இரட்டைக் கதவுக்கும் தாழ்ப்பாளுக்கும் பொருந்தும் பூட்டு எளிதில் கிடைப்பதும் இல்லை. அதற்குப் பதிலாக, நிலையின் மேல் சட்டத்தில் சிறு துளையிட்டுக் காந்த சென்சாரைப் புதைத்தோம். கதவு திறந்திருக்கிறதா என்பதை மட்டும் அது சொல்லும். ஐப்பசி அடைமழையில் தேக்கும் சற்று உப்பும், கதவு அமரும் இடைவெளி மாறும். எனவே அதிக இடைவெளியிலும் வேலை செய்யும் காந்தமாகப் பார்த்து வாங்குங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

வீட்டுக்குள் ஸ்மார்ட் வருவதற்கு வெகு காலம் முன்பே நம் வயல்களில் மொபைல் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. வீட்டிலிருந்தே போன் செய்து பம்புசெட்டை ஓடவிடும் பெரியவர்களிடம் இந்தத் தொழில்நுட்பத்தை விளக்க வேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை. கும்பகோணத்து நண்பரே, தண்ணீர் மோட்டாரையும் இதில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், அதை அந்தச் சிறு மாட்யூலில் நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது ஆறேழு ஆம்பியர்தான் என்றாலும், கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால், போனில் 'ஆஃப்' என்று காட்டும், தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். நடுவில், அதிக மின்சாரத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் ஒன்றைப் போட்டு, அதை இழுத்து இயக்கும் கம்பிச்சுருளான காயிலை மட்டும் மாட்யூல் இயக்கும்படி வையுங்கள்.

எல்லாக் கருவியையும் மறைத்த எங்கள் வீட்டில் கேமராவை மட்டும் மறைக்கவில்லை. சிங்கப்பூரிலிருக்கும் தம்பி, திண்ணைத் தூணின் போதிகைக்குள் அதைப் புதைத்துவிடலாம் என்றான். "வந்து உக்கார்றவங்களுக்குத் தெரியாம அவங்களப் படம் புடிக்கிறது நம்ம வீட்டுல வேணாம்ப்பா" என்று அப்பா மறுத்துவிட்டார். வாசல் விளக்குக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் பார்க்கும்படியாகவே பொருத்தியிருக்கிறோம். அப்பாவின் நண்பர்கள் அதைப் பார்த்ததிலிருந்து, மாலை நேரத்து அரட்டையை எதிர்வீட்டுத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்.