மறு: மண்ணுக்கடியில் பார்க்கும் ரேடாருக்கு என்ன பெயர் வைப்பது?

அன்புடையீர், வணக்கம்.

சிவில் டிப்ளமோ பிள்ளைகளுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வரும் 'கிரவுண்ட் பெனட்ரேட்டிங் ரேடார்', அதாவது தோண்டாமலே மண்ணுக்கடியில் உள்ள குழாயைக் காட்டும் கருவிக்கு, தமிழ்ப் பெயர் கேட்டிருந்தேன். இதுவரை வந்த பதில்களுக்கு ஒரே மடலில் எழுதுகிறேன்.

> 'நில ஊடுருவு ரேடார்' போதும். பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான் ஐயா. எனக்கு இடறுவது 'ஊடுருவு'. நாளிதழில் எல்லை ஊடுருவலைப் படித்துப் பழகியவருக்கு அது அத்துமீறல். பொருளும் பாதிதான். ஈரக் களிமண்ணில் கருவி அனுப்பும் ரேடியோ அலை கொஞ்ச ஆழத்திலேயே அடங்கிவிடும். உள்ளே போவதைவிடக் குழாயில் பட்டுத் திரும்பி வருவதில்தான் வேலை இருக்கிறது. போய்வந்த நேரத்தை வைத்துத்தானே ஆழம் கணக்கிடுகிறோம்! அலையை மண் எவ்வளவு மெதுவாக்கும் என்பதை அதன் ஒப்புமை விடுதிறன் என்ற எண் சொல்லும்; வேகம் அதன் வர்க்கமூலத்தால் வகுபடும். அது 9 என்றால் அலையின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. தண்ணீருக்கு அந்த எண் ஏறத்தாழ 80. அதனால் நனைந்த மண்ணில் அலை இன்னும் மெதுவாகும். மழை பெய்த மறுநாள் பழைய வேகத்தையே போட்டால், குழாய் இருப்பதைவிட ஆழத்தில் இருப்பதாகக் காட்டும்.

> 'கதுவீ' இருக்கும்போது ரேடார் எதற்கு?

கதுவுதல் பற்றுதல், வேர் அழகு, மறுக்கவில்லை அம்மா. ஆனால் கரும்பலகையில் எழுதியபோது ஒரு பிள்ளைக்கும் புரியவில்லை. ரேடார் 1940 வாக்கில் அமெரிக்கக் கடற்படையில் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சொல். அதை அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

போன மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சாலை வேலை நடந்த இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். தள்ளுவண்டி போல ஒன்றைத் தார்ச்சாலையில் உருட்டினார்கள். திரையில் சாம்பல் கோடுகள், நடுவே ஒரு வளைவு. "புருவம் மாதிரி இருக்குங்க சார்" என்றான் ஒருவன். வண்டி நெருங்க நெருங்கக் குழாய்க்கும் அதற்குமான தூரம் குறைகிறது, நேர்மேலே வரும்போது மிகக் குறைவு, தாண்டினால் மறுபடி கூடுகிறது. அதனால்தான் திரையில் அந்தப் புருவ வளைவு; கணக்கில் அதற்குப் பெயர் அதிபரவளையம். புருவத்தின் உச்சியில் நிறுத்தித் தரையில் நீல மை அடித்தார்கள். அது பிளாஸ்டிக் குழாய். உலோகம் தேடும் கருவிக்கு அகப்படாதது இதற்கு அகப்பட்டது.

அங்கே நிற்கும்போது ஓமலூரில் எங்கள் வீட்டுக் கிணறு நினைவுக்கு வந்தது. வாளி விழுந்துவிட்டால் அம்மா பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவார். இருட்டுத் தண்ணீரில் கொக்கிகள் துழாவும். ஏதாவது தட்டுப்பட்டால் கயிறு கைக்குச் சொல்லும். இந்த வண்டி செய்வதும் அதுதான், கயிற்றுக்குப் பதில் அலை. ஆகவே துழாவி என்பதே என் முன்மொழிவு.

> 'நிலத்துழாவி', சந்தி உதைக்கிறதே?

உதைக்கிறதுதான்; போன மடலில் அவசரத்தில் அப்படி எழுதிவிட்டேன். மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி, மரக்கொத்தி அல்ல. அதே வழியில் நிலத்தைத் துழாவுவது நிலந்துழாவி. மகரம் தகரத்துக்கு இனமாகத் திரிகிறது. 'பாதாளம் வடசொல் ஆயிற்றே' என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நான் கரண்டியை உவமைக்கு எடுத்தேன், பாதாளத்தைச் சொல்லில் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் குற்றமில்லை என்பேன். பாதாளச் சாக்கடை என்றால் சேலத்தில் குகை, அம்மாப்பேட்டைப் பகுதிகள் முழுக்கப் புரிகிறது.

ஏழு பேர் 'நில ஊடுருவு ரேடார்' என்று சொல்லியாகிவிட்டது. அச்சில் அதுவே போகும். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் நிலந்துழாவியைச் சேர்க்கிறேன். வகுப்பில் நான் சொல்லப்போவது நிலந்துழாவியைத்தான்.

இன்னொன்று பாக்கி. மண்ணுக்கடியில் போகும் குழாய், கேபிள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் யுட்டிலிட்டி என்பதைப் 'பயன்பாடுகள்' என்று மொழிபெயர்த்தால் குழாயும் கேபிளும் கண்ணில் வருவதில்லை. மண்ணுக்குள் போகும் மின்கேபிளை மின்வாரியத்தார் புதைவடம் என்கிறார்கள். அதை ஒட்டிப் புதைதடம் என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக வைக்கலாமா? தடம் என்றால் குழாயை விட்டுவிட்டு அது போகும் வழியை மட்டும் குறித்துவிடுமோ என்று ஐயமாக இருக்கிறது. வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.