கலைச்சொல் தேவை: கலிஃபோர்னியா சட்டத்தின் ‘கோயர்சிவ் கன்ட்ரோல்’

குழுவினருக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவின் குடும்ப வன்முறைச் சட்டத்தைத் தமிழில் விளக்கும் கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. ‘கோயர்சிவ் கன்ட்ரோல்’ என்பதற்கு வரைவில் ‘கட்டாயக் கட்டுப்பாடு’ என்று இருக்கிறது. எனக்கு அது ஊரடங்கு அறிவிப்பு மாதிரி ஒலிக்கிறது.

சட்டத்தில் அது வரும் இடம்: குடும்பச் சட்டத் தொகுப்பின் 6203ஆம் பிரிவு எது கொடுமை என்று சொல்கிறது. காயப்படுத்துவது, பாலியல் தாக்குதல், உடனே பெருங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்சவைப்பது ஆகியவற்றோடு, 6320இன்படி நீதிமன்றம் தடுக்கக்கூடிய நடத்தைகளும் கொடுமைதான். உடலில் காயம் இருந்தாக வேண்டியதில்லை. 6320இல் ‘டிஸ்டர்பிங் த பீஸ்’ (மற்றவரின் நிம்மதியைக் கெடுப்பது) என்று ஒன்று உண்டு; 2021 ஜனவரி 1 முதல் கோயர்சிவ் கன்ட்ரோல் அதற்குள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒருவரின் சுயவிருப்பத்திலும் தனிமனித சுதந்திரத்திலும், நோக்கத்தாலோ விளைவாலோ, நியாயமின்றிக் குறுக்கிடும் தொடர் நடத்தை என்பது வரையறை. சுற்றத்தாரிடமிருந்து பிரித்துவைப்பது, அடிப்படைத் தேவைகளை மறுப்பது, போக்குவரத்தையும் போனையும் பணத்தையும் கண்காணிப்பது, விசா நிலையைச் சொல்லி மிரட்டிப் பணியவைப்பது எல்லாம் எடுத்துக்காட்டுகள். பிள்ளைப்பேறு தொடர்பான வற்புறுத்தல் 2022இல் சேர்ந்தது.

– க.

*

க. ஐயா,

‘கட்டாய’ மட்டுமல்ல, ‘கட்டுப்பாடு’ம் ஆகாது. தமிழில் அது நற்சொல். ‘கட்டுப்பாடான குடும்பம்’ என்று சம்பந்தம் பேசுகையில் பெருமையாகச் சொல்கிறோம். “உங்களைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தாரா?” என்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் கேட்டால், “எங்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான்” என்று பதில் வரும். கேள்வி அங்கேயே செத்துப்போகும்.

என் முன்மொழிவு ‘வன்கட்டுப்பாடு’. வன்முறை, வன்கொடுமை, வன்புணர்வு என்ற வரிசையில் உட்கார்ந்துவிடும்.

– மு.

*

> வன்முறை, வன்கொடுமை, வன்புணர்வு என்ற வரிசையில்

அந்த வரிசையில் உட்காருவதுதான் சிக்கல். ‘வன்’ என்றதும் கை ஓங்குவதுதான் நினைவுக்கு வரும். அடியே விழாத வீட்டையும் இந்தப் பிரிவு தொடுகிறது. வன்சொல்லுக்கு உடல்பலம் வேண்டாமே என்று குறளைக் காட்டி வாதிடலாம்தான்; மனு எழுத உட்காருபவர் அதையெல்லாம் யோசிக்க மாட்டார். தவிர, நற்சொல்லுக்கு முன்னொட்டுப் போட்டாலும் உள்ளே இருப்பது அதே நற்சொல்தான். இந்தியாவில் ‘வன்கொடுமை’ 1989ஆம் ஆண்டுப் பட்டியல் சாதி, பழங்குடியினர் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கையேட்டில் அதையும் தவிருங்கள். 6203இல் வருவதற்கு வெறும் ‘கொடுமை’ போதும்.

‘குற்றம்’ என்ற சொல்லும் பக்கத்தில் வரக்கூடாது. இங்கிலாந்து, வேல்ஸில் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு இதைக் குற்றமாக்கி 5 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 6320 குடும்ப நீதிமன்றத்தின் தடையாணைக்கான அடிப்படை மட்டுமே. துணைவரைக் காயப்படுத்தும் குற்றத்துக்கான தண்டனைச் சட்டத்தின் 273.5ஆம் பிரிவுக்கு உடற்காயம் இருந்தே ஆக வேண்டும்.

வினையாகவும் புழங்கும் சொல்தான் நமக்கு வேண்டும். தடையாணை கேட்கும் டி.வி.-100 மனுவில் நடந்ததைத் தேதியோடு எழுத வேண்டும். ‘வன்கட்டுப்படுத்தினார்’ என்று யார் எழுதுவார்? ‘அடக்கியாண்டார்’ என்றால் பாட்டிக்கும் புரியும். ஆகவே ‘அடக்கியாளல்’.

– செ.

*

வணக்கம். இலங்கையிலிருந்து இரண்டு குறிப்புகள்.

எங்களிடம் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தை ஒட்டி ‘வீட்டு வன்முறை’ என்றே பாவிக்கிறோம். ஆனால் இந்தக் கையேட்டுக்கு உங்கள் ‘குடும்ப வன்முறை’தான் பாதுகாப்பு. 6211இன்படி முன்னாள் கணவர், காதலர், நிச்சயித்தவர், பிள்ளையின் மற்றப் பெற்றோர் எல்லாரும் அடக்கம். ‘வீட்டு’ என்றால் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமென்று நினைத்து, பிரிந்துபோனவர்கள் மனுப் போடாமல் விடுவார்கள்.

யாருக்கு எதிராக மனுப் போடலாம் என்ற உறவு எல்லையையும் தமிழ் முறைப்பெயரிலேயே எழுதுங்கள். ‘இரண்டாம் படிநிலை இரத்த உறவு, மண உறவு’ என்றால் ஒருவருக்கும் விளங்காது. அந்த எல்லைக்குள் பெற்றோர், உடன்பிறந்தார், தாத்தா பாட்டி, மாமனார் மாமியார், கணவரின் உடன்பிறந்தார் வருவர். சித்தப்பா, அத்தை மூன்றாம் படி; அவர்கள் பிள்ளைகள் நான்காம் படி. ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்ந்திராவிட்டால் அவர்களுக்கு எதிராக இந்த மனு செல்லாது, பொதுவான தொல்லைக்குத் தடையாணை கேட்கும் சி.எச்.-100 என்ற வேறு படிவம்.

‘தொடர் நடத்தை’க்கு எங்கள் பாடநூல் வழக்கில் ‘நடத்தைக் கோலம்’ உண்டு.

– யோ.

*

யோ. அவர்களே, உறவுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘கோலம்’ அழகுதான், ஆனால் தமிழ்நாட்டில் அது வாசலில் போடுவது. ‘தொடர் நடத்தை’யே இருக்கட்டும்.

‘வன்கட்டுப்பாடு’ குறுகிய சொல் என்பதால் இன்னும் மனசு வரவில்லை. ஆனாலும் வினைவடிவம் இல்லாத குறையை நான் மறுக்க முடியாது. ‘அடக்கியாளல்’ ஆகட்டும். ஒரு எச்சரிக்கை: விளக்கத்தில் ‘திட்டமிட்டு’ என்று எழுதிவிடாதீர்கள். நோக்கம் இல்லாவிட்டாலும் விளைவு போதும் என்கிறது சட்டம்.

– மு.

*

பட்டியலுக்குப் போகும் பதிவு:

அடக்கியாளல் (பெ.), அடக்கியாள் (வி.): நோக்கத்தாலோ விளைவாலோ ஒருவரின் சுயவிருப்பத்திலும் தனிமனித சுதந்திரத்திலும் நியாயமின்றிக் குறுக்கிடும் தொடர் நடத்தை. அடி, காயம் தேவையில்லை. ஆண், பெண் யாருக்கும் பொருந்தும்.

இதன் கீழே மனு எழுதுவோருக்கு ஒரு பெட்டிச்செய்தி வைக்கிறேன். ‘எப்போதும் அடக்கியாண்டார்’ என்று ஒரே வரியில் முடித்தால் தொடர் நடத்தை தெரியாது. ஏ.டி.எம். அட்டையைப் பிடுங்கிய நாள், பாஸ்போர்ட்டை ஒளித்துவைத்த நாள், அம்மாவுடன் பேசவிடாத நாள் என்று தனித்தனியாக, தேதி தெரியாவிட்டால் மாதமாவது போட்டு எழுத வேண்டும். மனுவுக்குக் கட்டணம் இல்லை. விசாரணை வழக்கமாக 21 நாளுக்குள், நல்ல காரணம் இருந்தால் 25 நாளுக்குள். அதன்பின் வரும் ஆணை 5 ஆண்டு வரை நீளலாம்.

‘டிஸ்டர்பிங் த பீஸ்’ பாக்கி. ‘அமைதி குலைத்தல்’ என்றால் தெருச்சண்டை, பொது அமைதி என்று போகிறது. ‘மன அமைதி குலைத்தல்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.

– க.