புதிய வாக்கி டாக்கி: முதல் பயன்பாட்டுக்கு முன் எவற்றை அமைக்க வேண்டும்?

மலைப்பாதை (கேள்வி):

வணக்கம். நானும் என் தம்பியும் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றிருக்கிறோம். மலையேற்றக் குழுவில் முன்னால் செல்பவரும் கடைசியாக வருபவரும் பேசிக்கொள்வதற்காக, விஎச்எஃப், யுஎச்எஃப் ஆகிய இரண்டு பட்டைகளிலும் இயங்கும் வாக்கி டாக்கிகள் இரண்டை வாங்கினோம். உடன் வந்த கையேடு மெனுவில் இருக்கும் ஏறத்தாழ நாற்பது அமைப்புகளுக்கும் ஒவ்வொரு வரி விளக்கம் மட்டுமே தருகிறது. எவற்றை முதல் நாளே மாற்ற வேண்டும், எவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம் என்பதை அதை வைத்துக்கொண்டு பிரித்தறிய முடியவில்லை.

இரண்டு கருவிகளிலும் விஎச்எஃப் பகுதியிலுள்ள 2 மீட்டர் பட்டையில் ஒரே அதிர்வெண்ணை வைத்துச் சோதித்துப் பார்த்தோம். நான் பேசும்போது தம்பியின் கருவியில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் ஒலி எதுவும் வருவதில்லை. அவன் பேசுவது எனக்குக் கேட்கிறது. எனினும் ஒவ்வொரு முறையும் தொடக்கம் விழுங்கப்பட்டு, ‘நான் வந்துவிட்டேன்’ என்பது ‘விட்டேன்’ என்று மட்டும் வந்து சேர்கிறது. இருவரும் ஒரே அறையில் நின்றாலோ காதைத் துளைக்கும் ஊளைச் சத்தம் எழுகிறது. இவை கருவியின் குறைபாடுகள்தாமா, அல்லது அமைப்பில் நாங்கள் செய்ய வேண்டியது ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நெட்டலை (மறுமொழி):

கருவிகளைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூடக் கருவி பழுதானதற்கான அறிகுறி அன்று.

பச்சை விளக்கு எரிகிறது என்றால் உங்கள் அலை தம்பியின் கருவியைச் சென்றடைந்துவிட்டது என்று பொருள். அது ஒலிபெருக்கியைத் திறக்க மட்டுமே மறுக்கிறது. பெரும்பாலும் அவருடைய கருவியில் பெறும் பக்கத்துக்கு ஒரு சிடிசிஎஸ்எஸ் தொனியோ டிசிஎஸ் குறியீடோ அமைக்கப்பட்டிருக்கும். சிடிசிஎஸ்எஸ் என்பது பேச்சுக்கு அடியில் தொடர்ந்து அனுப்பப்படும் ஒரு தாழ்ந்த தொனி. வழக்கமான பட்டியலில் இது 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். பேச்சிலிருந்து வடிகட்டி நீக்கப்படுவதால் அது நம் காதுக்கு எட்டுவதில்லை. டிசிஎஸ் அதே வேலையைத் தொனிக்குப் பதில் எண் குறியீட்டால் செய்கிறது. பெறும் பக்கத்தில் ஒரு தொனியை அமைத்துவிட்டால், அதே தொனியுடன் வரும் அழைப்புக்கு மட்டுமே ஒலிபெருக்கி திறக்கும், மற்ற அனைத்துக்கும் விளக்கு எரிவதோடு சரி. ஆகவே அவருடைய மெனுவில் பெறுதலுக்கான சிடிசிஎஸ்எஸ், டிசிஎஸ் இரண்டையும் ‘ஆஃப்’ நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுச் சோதித்துப் பாருங்கள். அனுப்பும் பக்கத்துத் தொனியால் உங்களுக்குள் தொல்லை ஏதும் வராது. ஆனால் அழைப்பை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையமான ரிப்பீட்டர் வழியாகப் பேசும்போது அதுதான் தேவைப்படும்.

இந்தத் தொனியை ‘தனியுரிமைக் குறியீடு’ என்று விளம்பரங்களில் குறிப்பிடுவது பெரிய ஏமாற்று. மற்றவர்களின் பேச்சு உங்கள் காதில் விழாமல் அது தடுக்கும். உங்கள் பேச்சை மற்றவர்கள் கேட்பதைத் தடுக்காது. தொனியை அணைத்து வைத்திருக்கும் எவரும் நீங்கள் பேசுவதை முழுமையாகக் கேட்கலாம்.

தொடக்கம் விழுங்கப்படுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பெறும் கருவி இடையிடையே உறங்கி விழித்துத்தான் அலையைத் தேடுகிறது. அது விழித்துக்கொள்வதற்குச் சிறிது நேரம் ஆகிறது. அனுப்புபவரோ பேசுவதற்கு அழுத்தும் பிடிடி பொத்தானை அழுத்திய அதே கணத்தில் பேசத் தொடங்கிவிடுகிறார். பொத்தானை அழுத்தி, சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து, ஏறத்தாழ ஒரு விநாடி பொறுத்துப் பேசுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை விட்டுவிடாமல், கடைசிச் சொல் முழுமையாக முடிந்த பிறகே விடுங்கள். வாயிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துக்கொண்டு இயல்பான குரலில் பேசினால் போதும். உரக்கப் பேசினால் தெளிவு குறையுமே தவிரத் தொலைவு கூடாது.

ஊளைச் சத்தம் மேடை ஒலிபெருக்கியில் எழும் அதே வகைதான். தம்பியின் குரல் உங்கள் ஒலிபெருக்கி வழியாக வெளிவந்து, மீண்டும் அவருடைய மைக்குக்குள் புகுந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதோடு, சில அடித் தொலைவிலிருந்து வரும் 5 வாட் அலை பெறும் பகுதியைத் திணறடித்துவிடும் என்பதால், அத்தகைய சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. ஒருவர் வீட்டுக்குள்ளும் மற்றவர் தெருமுனையிலுமாக நின்று, குறைந்த திறனில் சோதிப்பதே சரியான முறை.

பழைய ஒலிபெருக்கி (மறுமொழி):

நெட்டலை சொன்ன நோய்நாடலுடன் உடன்படுகிறேன். ஆனால் கேள்வியின் முதல் பகுதிக்கு, அதாவது எந்த வரிசையில் தொடங்குவது என்பதற்கு, இன்னும் விடை வரவில்லை.

எல்லாவற்றுக்கும் முன் ஆன்டெனா. அதை முழுமையாகத் திருகிப் பொருத்தாமல் பிடிடி பொத்தானை அழுத்தவே கூடாது. வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பிவந்து, அனுப்பும் பகுதியின் கடைசி நிலை டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடக்கூடும். கழற்றக்கூடிய ஆன்டெனாவை அடியில் பிடித்துக் கைவிரல்களால் இறுகும் அளவுக்குத் திருகினால் போதும், குறடு வேண்டாம். கருவியை ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தையும் முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள்; அந்த இணைப்பு தளர்ந்துபோனால் அதனால் வரும் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி பாதி சார்ஜில்தான் வந்திருக்கும். கருவியை அணைத்துவிட்டு, சார்ஜரில் பச்சை விளக்கு எரியும் வரை சார்ஜ் செய்துகொள்ளுங்கள். முதல் முறை ஒரு நாள் முழுவதும் சார்ஜில் வைக்க வேண்டும் என்பது பழைய நிக்கல் பேட்டரிக் காலத்து அறிவுரை. சார்ஜர் தொட்டிலில் சரியாக அமராமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் விளக்கு எரியாது என்பதால், தொடர்பு முனைகள் பொருந்தியிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடுப்புக் கிளிப்பைப் பொருத்தும்போது உடன் வந்த திருகாணிகளையே பயன்படுத்துங்கள். நீளமானவற்றை முடுக்கினால் முனை உள்ளே உள்ள பேட்டரியில் போய் முட்டக்கூடும்.

பிறகு மெனு. மெனுவில் நாற்பது இருந்தாலும் முதல் நாளுக்கு ஐந்தாறு போதும். அதிர்வெண்ணை அமைப்பதற்கு முன்னரே படிநிலையை, அதாவது அதிர்வெண் எவ்வளவு இடைவெளியில் நகரும் என்பதை, பார்த்துக்கொள்ளுங்கள். படிநிலை 25 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கும்போது 145.5125 மெகாஹெர்ட்ஸ் என்று தட்டினால், பல கருவிகள் எந்த எச்சரிக்கையும் தராமல் அதை அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றிவிடும். இருவரும் ‘அதே’ அதிர்வெண்ணில் இருப்பதாக நம்பிக்கொண்டு வெவ்வேறு அதிர்வெண்களில் காத்திருக்க வேண்டியிருக்கும். தட்டிய பிறகு திரையில் என்ன எண் நிற்கிறது என்பதைப் படித்துப் பார்ப்பது அதனால்தான் அவசியம். அழைப்பு இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் அளவை, இரைச்சல் அடங்கும் வரை உயர்த்தி, அதற்கு ஒரு படி மேலே விட்டுவிடுங்கள். அதற்கும் மேல் உயர்த்தினால் மலைமறைவிலிருந்து வரும் மெல்லிய அழைப்புகள் இரைச்சலோடு சேர்ந்து அடங்கிவிடும். திறனைக் குறைந்த நிலையில் வைத்துத் தொடங்கலாம். தொடர்ந்து அனுப்புவதை ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடும் நேரக்கட்டுப்பாட்டை இயக்கி வையுங்கள். பையில் அழுந்தி பிடிடி பொத்தான் மாட்டிக்கொண்டாலும் சேனல் முழுவதும் அடைபடாமல் அது காப்பாற்றும்.

குரலால் தானாக அனுப்பத் தொடங்கும் வாக்ஸ், பேசி முடித்ததும் ஒலிக்கும் பீப், இரண்டு அதிர்வெண்களை மாறி மாறிக் கேட்கும் இரட்டைக் கண்காணிப்பு ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். இவற்றுள் இரட்டைக் கண்காணிப்புதான் புதியவர்களை மிகவும் குழப்புகிறது. திரையின் மேல் வரிசையில் உள்ள அதிர்வெண்ணில் அழைப்பு வந்ததும் கருவி அங்கே தாவிச் சென்றுவிடுவதால், கீழ் வரிசையில் பேசுவதாக எண்ணிக்கொண்டு மேல் வரிசையில் பதில் சொல்லிவிடுவோம்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகே சேனலாக நினைவகத்தில் சேமித்து, கருவியைச் சேனல் நிலைக்கு மாற்றி, விசைப்பலகையைப் பூட்டுங்கள். நடக்கும்போது கை பட்டு அதிர்வெண் நகர்ந்துவிடுவது அதோடு நின்றுவிடும்.

கம்பிச்சுருள் (மறுமொழி):

விசைகளைத் தட்டித் தட்டிச் சேனல்களைச் சேமிப்பதைவிடக் கணினி வழியே செய்வது எளிது என்பது என் கருத்து. அதற்கென்றே ‘சிர்ப்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஏராளமான கருவி வகைகளுக்கு அது பொருந்தும். கருவியைக் கணினியோடு கேபிளால் இணைத்ததும் முதலில் செய்ய வேண்டியது, கருவியில் இப்போது இருப்பதைக் கணினிக்கு இறக்கி, அதைத் தொடாமல் தனிக் கோப்பாகச் சேமித்து வைப்பது. பின்னர் எது கெட்டாலும் அந்தக் கோப்பு திரும்பிச் செல்வதற்கான வழியாக இருக்கும். ஒரு வகைக் கருவியிலிருந்து எடுத்த கோப்பை மற்றொரு வகைக் கருவியில் அப்படியே ஏற்றக் கூடாது.

கணினி கருவியைக் கண்டுகொள்ளவில்லை என்றால், பெரும்பாலும் கேபிளின் இரட்டை முனை முழுமையாக உள்ளே சென்றிருக்காது. கருவியின் வெளிக்கூடு தடுப்பதால் அது பாதியிலேயே நின்றுவிடும்; சற்றே அழுத்தித் தள்ளினால் மெல்லிய ‘டக்’ ஒலியுடன் உள்ளே அமரும்.

ஆனால் கணினியை மட்டுமே நம்பியிருப்பதும் ஆகாது. காட்டுக்குள் கேபிள் இருக்காது என்பதால், ஓர் அதிர்வெண்ணை விசைப்பலகையிலேயே அமைக்கவும் தொனியை அணைக்கவும் இருவரும் பழகிக்கொள்ளுங்கள். முழு ரீசெட் செய்யும் எண்ணம் இருந்தால், சேமித்த சேனல்கள் அழிந்துவிடும் என்பதோடு, சில கருவிகளில் குரல் அறிவிப்பு நமக்குப் புரியாத மொழிக்கு மாறிவிடும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மலைப்பாதை (கேள்வி கேட்டவர்):

மூவருக்கும் நன்றி. தம்பியின் கருவியில் பெறுதலுக்கு 88.5 ஹெர்ட்ஸ் தொனி அமைக்கப்பட்டிருந்தது. அதை அணைத்ததும் தெருவின் இரு முனைகளிலிருந்தும் தெளிவாகப் பேசிக்கொள்ள முடிகிறது. பொத்தானை அழுத்திச் சற்றுப் பொறுத்துப் பேசுவதால் தொடக்கமும் முழுமையாகக் கேட்கிறது. இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. எங்கள் குழுவில் உரிமம் பெற்ற மற்றொரு நண்பரிடம் பழைய கருவி ஒன்று இருக்கிறது. அவர் பேசுவது எங்கள் இருவருக்கும் உடைந்து, கரகரப்பாகக் கேட்கிறது. நாங்கள் பேசுவது அவருக்கு மிகவும் மெலிதாகக் கேட்கிறதாம். அதிர்வெண்ணைச் சரிபார்த்துவிட்டோம், தொனியும் இல்லை.

நெட்டலை (மறுமொழி):

இது கருவிகளின் சேனல் அகலம் ஒன்றோடொன்று பொருந்தாமையின் தெளிவான அடையாளம். அவருடைய பழைய கருவி 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலும் உங்களுடையவை 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலும் அமைந்திருக்கும். அகலமாக அனுப்பப்படும் பேச்சு குறுகிய வடிகட்டிக்குள் அடங்காமல் உடைகிறது. குறுகிய அளவில் அனுப்பப்படுவது அகலமாகக் கேட்கும் கருவியில் மெலிந்துபோகிறது. மூன்று கருவிகளிலும் ஒரே அகலத்தை அமைத்தால் இரண்டு தொல்லையும் ஒருசேரத் தீர்ந்துவிடும். எந்த அகலம் என்பதை உங்கள் பட்டைக்கான விதிமுறையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய ஒலிபெருக்கி (மறுமொழி):

மலைக்குப் போவதற்கு முன் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கருவியை இடுப்பில் மாட்டியபடியே, மைக்கை மட்டும் தோளில் வைத்துப் பேசினால், ஆன்டெனா உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அலையின் கணிசமான பகுதி உடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது கருவியைக் கையில் எடுத்து, ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி பிடியுங்கள். ஒருவர் செங்குத்தாகவும் மற்றவர் படுக்கைவாட்டிலும் பிடித்திருந்தால் வந்துசேரும் அலை வெகுவாகக் குறைந்துவிடும். 2 மீட்டர் பட்டைக்குக் கால் அலை நீள ஆன்டெனா ஏறத்தாழ அரை மீட்டர் இருக்கும். பெட்டியில் வந்த குட்டை ரப்பர் ஆன்டெனா, சுமக்க வசதியாக இருப்பதற்காகத் திறனை விட்டுக்கொடுத்த ஒன்று. குழுவில் முன்னால் செல்பவருக்கும் கடைசியில் வருபவருக்கும் மட்டுமாவது நீளமான ஆன்டெனா வாங்கலாம்; ஆனால் வாங்கும் முன் கருவியில் இருப்பது ஆண் முனையா பெண் முனையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு வகையும் புழக்கத்தில் இருக்கின்றன.